கேப்ஸ்யூல் படம் (ஸ்டீம்)

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் இணையக் கடையில் ஒரு கணினி விளையாட்டுக்கு அட்டைப்படமாக நிற்கும் படம். தேடல், பரிந்துரை, தள்ளுபடிப் பட்டியல் என எங்கும் வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது இதுவே. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு குழுக்களுக்குப் பெரும்பாலும் வேறு விளம்பரப் பலகை கிடையாது.

ஒரே ஓவியத்தைப் பல அளவுகளில் தர வேண்டும். நெடுநாள் வழக்கில் முதன்மைப் படம் 616×353 பிக்சல், சிறிய படம் 231×87. பிறகு இவை இரட்டிப்பாக்கப்பட்டன. சிக்கல் சிறியதில்தான். கடை அதை 120×45 வரை சுருக்கிக் காட்டும். பெரிய ஓவியத்தை அப்படியே குறுக்கி ஏற்றுபவர்களின் விளையாட்டுப் பெயர் அங்கே வெறும் கறையாகிவிடுகிறது. சிறிய படத்துக்கு ஓவியத்தைத் துணிந்து வெட்டி, பெயரே ஏறக்குறைய முழு இடத்தையும் நிரப்பும்படி தனியாக அமைப்பதே சரி.

2022 செப்டம்பர் 1 முதல் கேப்ஸ்யூலில் ஓவியம், பெயர், அதிகாரபூர்வ துணைத்தலைப்பு ஆகியவை மட்டுமே இடம்பெறலாம். விமர்சன மதிப்பெண், விருது, தள்ளுபடி வாசகம் கூடாது. கூச்சல் குறைந்தது, நல்ல விதி.

எடுத்துக்காட்டாக, ‘ஹாலோ நைட்’ (2017) விளையாட்டு நாயகனின் கொம்புள்ள வெள்ளை முகம் இருண்ட பின்னணியில் எந்த அளவிலும் அடையாளம் தெரியும். ‘செலெஸ்ட்’ (2018) பிக்சல் பாணி விளையாட்டு. அதன் கேப்ஸ்யூல் படமோ தீட்டிய ஓவியம். இந்த வேறுபாடு ஏமாற்று அல்ல, விளையாட்டின் வகையும் மனநிலையும் பொருந்தும்வரை. திரைப்பிடிப்பின் மேல் எழுத்தை ஒட்டுவது மலிவான வழி. அது மலிவாகவே தெரியும்.