மாட்டு மூளையிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை

1917ஆம் ஆண்டு, கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில், ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலாயாவில் செம்பனை வாணிபப் பயிரானது அங்கேதான். அதே ஆண்டில் அமெரிக்காவில் கேரி மெக்கார்ட், ஃபிளாய்ட் ஆலன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாட்டு மூளையின் நடுவில் இருக்கும் பினியல் என்ற சிறு சுரப்பியின் சாற்றைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் கறுத்த தோல் வெளிறிப் போனதைக் கண்டதாக அதில் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் அன்று யாரும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ஊரில், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகு எழுந்த தாமான் வீடுகளில் படுத்து உறங்குகிறார்கள். உறங்காத பிள்ளைக்காக இணையக் கடையில் தேடும் தாயின் கைத்தொலைபேசியில், அந்தச் சுரப்பியின் சரக்கு பழச்சுவை மிட்டாயாக வந்து நிற்கிறது. அது அவள் கைக்கு வந்து சேர்ந்த வழியைத்தான் சொல்லப் போகிறேன். வழி தெரிந்தால் அந்தப் போத்தலை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் தெரியும்.

தலைப்பிரட்டைக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அந்தச் சாற்றை அனேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர்தான் திரும்ப எடுத்தார். அவர் தேடியது தூக்கத்தை அல்ல. வெண்புள்ளி போன்ற நிறக் கோளாறுகளுக்கு ஒரு மருந்து கிடைக்குமா என்று பார்த்தார். இறைச்சிக் கூடங்களிலிருந்து லட்சத்துக்கு மேற்பட்ட மாட்டுச் சுரப்பிகளை வரவழைத்து, வடித்து, பிரித்து, 1958இல் மிகச் சிறிதளவு தூய பொருளை எடுத்தார். அதுதான் மெலடோனின். மனிதத் தோலில் அது ஒன்றும் செய்யவில்லை. தேடிய நோய்க்கு உதவாத மருந்து, தேடாத வேறொரு வேலைக்காகக் காத்திருந்தது.

வீட்டில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கக்கூடும். இன்று விற்பனையாகும் மெலடோனின் பெரும்பாலும் தொழிற்சாலையில் வேதிமுறையில் செய்யப்படுவது, மாட்டிலிருந்து எடுப்பதல்ல. ஆனால் மிட்டாய் வடிவில் வருபவற்றில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கிலிருந்து வருவது. போத்தலின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அதன் உண்மையான வேலை தெரிய வந்தது. கண்ணில் வெளிச்சம் விழும்போது பினியல் சுரப்பி அடங்கிவிடுகிறது, இருட்டியதும் மெலடோனினை இரத்தத்தில் விடுகிறது. ஜூலியஸ் ஆக்சல்ராடும் ரிச்சர்ட் வுர்ட்மனும் எலிகளில் இதைத் தொடர்ந்தார்கள். போதிய அளவு கடுமையான வெளிச்சம் மனிதரிலும் அதை அடக்கிவிடும் என்பதை 1980இல் ஆல்ஃபிரட் லூயி காட்டினார். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே அது உடலில் ஏறத் தொடங்குகிறது. ஆகவே மெலடோனினைத் தூக்க மாத்திரை என்று நினைப்பது தவறு. தூக்க மாத்திரை ஆளைச் சாய்க்கும். இது உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் இருட்டிவிட்ட செய்தியைக் கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

பிறந்த குழந்தைக்கு இந்தச் செய்தியைத் தானே தயாரிக்கத் தெரியாது. அந்தத் தாளம் பிடிபட மூன்று மாதம் போல ஆகும். அதுவரை இரவுநேரத் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல்நேரப் பாலில் அது இல்லாத அளவுக்குக் குறைவு. நள்ளிரவில் எழுந்து பாலூட்டும் தாய், பாலோடு இரவையும் சேர்த்துப் பிள்ளைக்கு ஊட்டுகிறாள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத செய்தி இது.

பிள்ளைகளுக்கு இதை மருந்தாகக் கொடுக்கும் பழக்கம் கனடாவின் வான்கூவர் நகரில் வேர் பிடித்தது. அங்கே ஜேம்ஸ் ஜான் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர், பார்வையற்ற பிள்ளைகளையும் பலவகைக் குறைபாடுள்ள பிள்ளைகளையும் பார்த்து வந்தார். வெளிச்சத்தைக் காணாத கண்ணுக்கு இரவு எப்போது வந்தது என்று தெரியாது. அந்தப் பிள்ளைகளின் தூக்கம் நாளுக்கு நாள் நழுவும், பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பார்கள், வீடே தூங்காது. 1990களின் தொடக்கத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் அவர்களுக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்து, 1994இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஆண்டுக்கணக்கில் தூங்காத குடும்பங்கள் தூங்கின.

அதன்பின் பெரிய சோதனைகள் வந்தன. 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒன்று, ஆட்டிசம் முதலான நரம்பு வளர்ச்சிக் கோளாறுள்ள 146 பிள்ளைகளைப் பற்றியது. மருந்தைத் தொடுமுன் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை, படுக்கைநேர ஒழுங்கைச் சொல்லும் ஒரு கையேட்டின்படி பெற்றோர் நடந்தார்கள். அதிலும் சரிவராத பிள்ளைகளே மருந்துச் சோதனைக்குப் போனார்கள். பெற்றோர் எழுதிவைத்த குறிப்பின்படி, மெலடோனின் எடுத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் 37 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். ஆனால் காலையில் எழுவதும் முன்னதாகிவிட்டதால், மொத்தத் தூக்கத்தில் கூடியது சுமார் 22 நிமிடம்தான். இருபத்திரண்டு நிமிடம் என்பதை அற்பமாக நான் நினைக்கவில்லை. இரவு ஒரு மணிவரை சுவரில் தலையை முட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை மடியில் பிடித்துக்கொண்டு, காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு, பிள்ளை அரைமணி முன்னதாகக் கண்ணயர்ந்தால் அது பெரும் விடுதலை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே செய்த மெலடோனின் மாத்திரைக்கு 2018இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைப் பார்த்து, தூங்க வைக்க மருந்தா என்று கேட்பவர்கள் ஓர் இரவு அந்த வீட்டில் தங்கிப் பார்க்க வேண்டும்.

மருந்தின் பாதை கெட்டுப்போனது வேறு இடத்தில். 1994இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, சத்துப்பொருள்களை விற்குமுன் மருந்தைப்போல நிரூபிக்கத் தேவையில்லை என்று ஆக்கியது. மெலடோனின் ஹார்மோன்தான், ஆனாலும் விட்டமின்களோடு ஒரே அலமாரியில் ஏறிக்கொண்டது. பின்னர் பிள்ளைகளுக்கான மிட்டாயாகவும் ஆனது. அங்கே விற்ற 25 வகை மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்து 2023இல் வெளியிட்ட முடிவில், 22இல் உள்ளே இருந்த அளவு போத்தலில் போட்ட அளவோடு ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. இன்னொன்றில் போட்டதைப்போல மூன்றரை மடங்கு இருந்தது. 2012இல் அமெரிக்க நச்சு மையங்களுக்கு, பிள்ளைகள் மெலடோனின் விழுங்கியதாக வந்த தகவல்கள் 8,337. 2021இல் அது 52,563 ஆனது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், பெரியவர்கள் பார்க்காதபோது எடுத்துத் தின்றவர்கள். மிட்டாய்போல் இருப்பதைப் பிள்ளை மிட்டாய் என்றுதானே நினைக்கும்?

மலேசியாவில் நிலைமை வேறு. 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, மருந்தானாலும் சத்து மாத்திரையானாலும் சுகாதார அமைச்சிடம் பதிவு பெற்ற பிறகே விற்கலாம். பதிவு பெற்ற பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணும், மின்னும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கும். எண்ணின் கடைசி எழுத்து, அது மருத்துவர் சீட்டில் தரும் மருந்தா, சத்துப்பொருளா, பாரம்பரிய மருந்தா என்று சொல்லிவிடும். அமெரிக்காவில்போல மெலடோனினைச் சத்துப்பொருளாக அலமாரியில் அடுக்கி விற்க இங்கே இடமில்லை. ஆகவே அது சுற்றுவழியில் வருகிறது: இணையக் கடை விற்பனையாளரின் கூரியர் பொட்டலமாக, ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சித்தப்பாவின் பெட்டியில் சாக்லெட்டுக்கு நடுவே. ‘விட்டமின் மாதிரிதான் அத்தே’ என்று மருமகள் சொன்னால், மாமியார் நம்பத்தான் செய்வார். அவர் காலத்தில் ஜாதிக்காயை உரசிப் பிள்ளையின் நாக்கில் தடவினார்கள், பயந்துபோன பிள்ளைக்குத் திருநீறு போட்டு மந்திரித்தார்கள். திருநீற்றால் கெடுதல் இல்லை. ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சாகும், கைக்குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். அளவு தெரியாத போத்தலும் அப்படிப்பட்டதே. மெலடோனினின் சக்தியைக் குறைத்து எடைபோட வேண்டாம். செம்மறியாடுகளின் இனப்பெருக்கக் காலத்தை முன்னுக்குத் தள்ள வளர்ப்போர் பயன்படுத்துவது இதே பொருளைத்தான். வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் பருவமடைதலில் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் இன்னும் முடிந்த முடிவு இல்லை.

இங்கே நான் நம் ஊர்க் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் தூக்கத்தைப் பேசுபவர்கள் அனேகமாக அதைத் தொடுவதில்லை. கோல சிலாங்கூர் இருக்கும் தீர்க்கரேகைக்குச் சூரியன் கொடுக்கும் நேரம், நம் சுவர்க் கடிகாரத்தைவிட ஏறத்தாழ ஒன்றேகால் மணி பின்தங்கியது. ஜப்பானியர் காலத்தில் மலாயா தோக்கியோ நேரத்துக்கு ஓடியது. போருக்குப் பின் அது திருத்தப்பட்டது. பிறகு 1982 சனவரி 1ஆம் தேதி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்க, தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்னால் தள்ளப்பட்டது. அதனால் இங்கே ஆண்டு முழுவதும் பொழுது ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது, ஏழு மணியை ஒட்டித்தான் சாய்கிறது. ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை, செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து வேன் ஏற வேண்டியிருந்தால் ஐந்தரைக்கே எழுப்பப்படுகிறது. அந்த நேரத்தில் அதன் உடலில் இருட்டின் செய்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சூரியக் கணக்கில் அது நாலேகால் மணி. தூங்கிவழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பால்மரக் காலத்திலும் பிள்ளைகள் இருட்டில்தான் எழுந்தார்கள். விடியலின் குளிரில்தான் மரம் நன்றாகப் பால் விடும் என்பதால், பெரட்டுக்கு மணி அடிக்கும்போது வெளிச்சம் இருக்காது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் வெட்டுக்குப் போவாள். அந்த வாழ்க்கையை நான் ஏக்கத்தோடு சொல்லவில்லை. அதில் பசியும் மலேரியாவும் இருந்தன. ஆனால் அன்றைய சாயங்காலம் இருட்டாக இருந்தது. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் விளக்கு இரவில் ஒரு நேரத்தோடு அணைந்துவிடும், அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சம்தான். ஆகவே சீக்கிரம் எழுந்த பிள்ளை சீக்கிரம் உறங்கவும் செய்தது. இன்று எழும் நேரம் அப்படியே இருக்கிறது, உறங்கும் நேரம் மட்டும் பதினொன்றுக்குப் போய்விட்டது.

இதில் வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளைப் படுக்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட வைத்து அளந்தார்கள். மெலடோனின் ஏறக்குறைய 88 விழுக்காடு குறைந்தது, விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் கழித்தும் பெரும்பாலோருக்கு ஏறவில்லை. பின்னர் சாதாரண வீட்டு விளக்கைவிட மங்கலான வெளிச்சத்தில் செய்த சோதனையிலும் குறைந்தது. சிறுபிள்ளையின் கண் பெரியவர் கண்ணைவிட அதிக ஒளியை உள்ளே விடும். வெள்ளை டியூப் விளக்கின் கீழே, கைத்தொலைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பத்து மணிவரை இருக்கும் பிள்ளை, உடல் இலவசமாகத் தயாரிக்கும் மெலடோனினை அணைத்துவிடுகிறது. பிறகு அதையே காசு கொடுத்து வாங்கி வாயில் போட வேண்டியதாகிறது.

கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். மின்மினிக்கு இருட்டு வேண்டும் என்பதால் கரையோரம் விளக்கு போடாதீர்கள் என்று படகுக்காரர் கேட்டுக்கொண்டால் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தக் கரிசனத்தில் பாதியாவது வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தால் என்ன என்று நான் ஏங்குகிறேன். எட்டு மணிக்கு வரவேற்பறையின் வெள்ளை விளக்கை அணைத்து மஞ்சள் விளக்கைப் போடுவதற்கு மருந்துச்சீட்டு வேண்டாம்.

அப்படியும் தூங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் மருந்து. முதலில் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போக வேண்டும். அங்கிருந்து தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ, சுங்கை பூலோவுக்கோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். இந்தப் பயணத்துக்கு ஒரு நாள் கூலி போகும், வேன் வாடகை போகும், தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம் என்பதை நான் அறிவேன். அதனால்தான் கூரியர் பொட்டலம் எளிதாகத் தெரிகிறது. ஆனால் மருத்துவர் முதலில் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கும் வேறு காரணங்களை: குறட்டை விட்டு மூச்சுத் திணறுகிறதா, இரும்புச்சத்து குறைவால் கால் துடிக்கிறதா, தோல் அரிப்பா, இரவு வலிப்பா. தொண்டைச் சதை வீங்கி மூச்சு அடைபடும் பிள்ளைக்கு எத்தனை மிட்டாய் கொடுத்தும் பயனில்லை. மருந்துதான் வழி என்று முடிவானால், மிகக் குறைந்த அளவில் தொடங்கி, படுக்கைக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன் கொடுத்து, சில மாதத்துக்கொருமுறை நிறுத்திப் பார்ப்பதே முறை.

ஏற்கெனவே வாங்கிய போத்தல் வீட்டில் இருந்தால், திட்டு விழும் என்று பயந்து மறைக்காமல் அதையும் எடுத்துப் போங்கள். வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளையாக இருந்தால் இது இன்னும் முக்கியம். கூடவே இரண்டு வாரத்துக் கணக்கை ஒரு பள்ளி நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு உண்மையில் உறங்கியது, இரவில் எத்தனை முறை எழுந்தது, வேன் எத்தனை மணிக்கு வந்தது, பகலில் எங்கே தூங்கி விழுந்தது. மலாய் எழுத வராவிட்டால் தமிழிலேயே எழுதுங்கள். எண்களை எந்த மருத்துவராலும் படிக்க முடியும்.