44 அட்டைகளில் ஒரு மாகாணம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

"காட்ஸ்" என்ற சொல்லைக் கேட்டதுமே நம்ம ஊரில் பல வாப்பாமாருக்கு முகம் மாறிவிடும். நியாயம்தான். காசு வைத்து ஆடி வீடு வளவெல்லாம் போன கதை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆனால் படம் போட்ட அட்டைகளை வைத்துப் பிள்ளைகளுக்கு நாட்டைப் படிப்பித்த வரலாறு ஒன்றும் இருக்கிறது. நானூறு வருஷத்துக்கு மேற்பட்டது. அதில் ஒரு கதை, யுத்தத்தில் தோற்றுப்போன ஒரு நாட்டில், பாடசாலையில் புவியியல் படிப்பிப்பதையே நிறுத்தச் சொன்ன காலத்தை ஒட்டிப் பிறந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பழைய கதை இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் 52 கவுண்டிகள். ஒரு கட்டு காட்ஸிலும் 52. இந்தப் பொருத்தம் யாருடைய கண்ணிலாவது படாமல் இருக்குமா? 1590இலேயே ஒவ்வோர் அட்டையிலும் ஒவ்வொரு கவுண்டியின் சின்ன வரைபடத்தை அச்சடித்த கட்டு வந்துவிட்டது. 1676இல் ரொபர்ட் மோர்டன் என்பவர் அதே யோசனையில், பாதைகளையும் குறித்து, லண்டனிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் எழுதி இன்னொரு கட்டு வெளியிட்டார். இடையில் 1644இல் பிரான்ஸில், ஐந்து வயதிலேயே அரசனாக இருந்த 14ஆம் லூயிக்காக ஒரு புவியியல் கட்டு செய்தார்கள். நான்கு இனங்களுக்குப் பதிலாக ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா. இவையெல்லாம் பணக்கார வீட்டுப் பொருட்கள். சாதாரணப் பிள்ளைகளின் கைக்கு வந்த கதைக்கு நாம் ஜப்பானுக்குப் போகவேண்டும்.

ஜப்பானில் இந்த அட்டைகளுக்கு "கருட்டா" என்று பெயர். போர்த்துக்கேயரின் "கார்ட்டா" என்ற சொல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. போர்த்துக்கேயர் நம்ம நாட்டுக்கும் வந்தவர்கள்தானே. நாம் சொல்லும் "கடதாசி", சிங்களத்தில் சொல்லும் "கடதாசி", இரண்டும் அவர்களுடைய "கார்ட்டாஸ்" என்ற சொல்லிலிருந்து வந்தவை. அதற்கும் பின்னால் அரபியின் "கிர்தாஸ்" இருக்கிறது. குர்ஆன் ஓதியவர்களுக்குத் தெரிந்த சொல். ஒரே சொல் ஒரு கரையில் விளையாட்டாகவும் இன்னொரு கரையில் வெறும் தாளாகவும் இறங்கியிருக்கிறது.

ஜப்பானிலும் சூதாட்ட அட்டைகள் இருந்தன, அரசாங்கம் அவற்றைப் பலமுறை தடையும் செய்தது. அதற்குப் பக்கத்திலேயே சூதுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு வகை வளர்ந்தது. ஒருவர் ஒரு வரியை வாசிப்பார். நிலத்தில் பரப்பிக் கிடக்கும் படங்களில் அந்த வரிக்குரிய படத்தை மற்றவர்கள் தேடி, முந்திக் கை வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு எழுத்தில் தொடங்கும். புத்தாண்டு நாட்களில் வீட்டில் வயதுபோனவர்களும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து ஆடுவது வழக்கம்.

இனி குன்மாவுக்கு வருவோம். டோக்கியோவுக்கு வடமேற்கே, கடல் இல்லாத, மலை சூழ்ந்த ஒரு நிர்வாகப் பிரிவு அது. நம்ம கணக்கில் ஒரு மாகாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டுக்குப் பேர்போன இடம். தலைநகர் மாயெபாஷி. 1945 ஆகஸ்ட் 5ஆம் திகதி இரவு, சரணடைவதற்குப் பத்து நாள் மட்டும் இருக்கையில், அந்த நகரத்தின் மேல் குண்டு போட்டார்கள். 500 பேருக்கு மேல் மௌத்தாகிப் போனார்கள்.

அதே வருஷம் டிசம்பர் 31ஆம் திகதி ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. ஒழுக்கக் கல்வி, ஜப்பானிய வரலாறு, புவியியல் ஆகிய மூன்று பாடங்களையும் உடனே நிறுத்துங்கள், புத்தகங்களைத் திரும்ப எடுங்கள் என்று. காரணம் விளங்காமல் இல்லை. அந்தப் பாடங்களுக்குள்தான் யுத்தவெறியை ஊட்டியிருந்தார்கள். 1946இல் தடை தளர்ந்தாலும் பழைய புத்தகங்கள் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் சமூகக் கல்வி என்று புதிய பாடமே தொடங்கினார்கள். இதை ஓர் ஆசிரியராக யோசித்துப் பாருங்கள். வகுப்பில் வாப்பாவை இழந்த பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்த பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் நின்று, உன் ஊரில் ஓடும் ஆறு இது என்று சொல்லக் கையில் புத்தகம் இல்லை.

யுத்த விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவி செய்த ஒரு நிவாரண அமைப்பின் குன்மாக் கிளையில் உரானோ மசாஹிகோ என்பவர் பொறுப்பில் இருந்தார். கருட்டா செய்யலாம் என்ற யோசனையை அவருக்குக் கொடுத்தவர் சுடா செய்கி என்ற போதகர். உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, எதையெல்லாம் அட்டையில் சேர்க்கலாம் என்று மக்களிடமே கேட்டார்கள். ஊர் விடயம் தெரிந்தவர்கள் ஒரு குழுவாகக் கூடி அதிலிருந்து தெரிவு செய்தார்கள். 1947 முடிவதற்குள் ஜோமோ கருட்டா வெளிவந்தது. ஜோமோ என்பது அந்தப் பகுதிக்கு இருந்த பழைய பெயர்.

44 அட்டைகள். ஜப்பானியப் பழைய எழுத்து வரிசையில் 47 எழுத்து. ஒரே ஒலியில் திரும்ப வரும் மூன்றைக் கழித்தால் 44. ஒரு மாகாணத்தின் மலை, ஆறு, வெந்நீர் ஊற்று, தொழில், மனிதர்கள் எல்லாமே இந்த 44 இடத்துக்குள் அடங்க வேண்டும். அக்காகி, ஹருனா, மியோகி என்ற மூன்று மலைகளுக்கும் தனித்தனி அட்டை. தோனே ஆற்றுக்கு ஒன்று. ஷிமோனிடாவின் வெங்காயத் தாளுக்கும் ஒரு வகைக் கிழங்குக்கும் சேர்த்து ஒன்று. 1872இல் அரசாங்கம் தொடங்கிய தொமியோகா பட்டுநூல் ஆலைக்கு ஒன்று. (இந்த ஆலை 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.) கணித மேதை செகி தகாகாஸுவுக்கு ஒன்று. மாகாணத்தின் வடிவம் சிறகு விரித்து ஆடும் கொக்கு மாதிரி இருக்கிறது என்று சொல்வதற்கு ஒன்று. போட்டியில் ஆளுக்கு 22 அட்டை எடுத்துச் சமமாக நின்றால், அந்தக் கொக்கு அட்டை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே வெற்றி. ஆகவே தன் மாகாணத்தின் வடிவத்தை மறந்த பிள்ளை அங்கே இருக்க முடியாது!

1948இலேயே மாகாண அளவில் போட்டி தொடங்கிவிட்டது. தனியாகவும் ஆடலாம், மூன்று பேர் கொண்ட குழுவாகவும் ஆடலாம். எனக்குப் பிடித்தது குழு ஆட்டம்தான். ஒரு பிள்ளைக்கு இடப்பக்கம், ஒரு பிள்ளைக்கு வலப்பக்கம், நடுவில் ஒன்று என்று நிலத்தைப் பங்கு போட்டுக் காவல் காக்கிறார்கள். வாய் வரியைக் கேட்கிறது, கண் படத்தைத் தேடுகிறது, கை பாய்கிறது. நாம் கரும்பலகையில் பத்துத் தரம் எழுதிப்போட்டும் ஏறாத விடயம் இப்படி ஏறிவிடுகிறது. குன்மாவில் வளர்ந்தவர்கள் வயதுபோன பிறகும் 44 வரிகளையும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இதுவரை நல்ல கதை. ஓர் ஆசிரியராக எனக்கு முக்கியமாகப் படுவது இனித்தான் வருகிறது.

அந்த 44இல் யாருக்கு இடம் கிடைக்கவில்லை? ஏழைகளின் பக்கம் நின்றதாக மக்கள் கொண்டாடும் குனிசாடா சூஜி என்ற சூதாடிக்கு இடம் இல்லை. 1868இல் தலை வெட்டப்பட்ட ஒகுரி என்ற பழைய ஆட்சியின் அதிகாரிக்கும் இல்லை. மக்கள் இவர்களைக் கேட்டும் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கைக்குப் பயந்து விடவேண்டி வந்தது என்று அங்கே சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக இடியையும் வறண்ட காற்றையும் மனிதரின் கடமையுணர்வையும் பற்றி ஓர் அட்டை செய்து, அதைச் சிவப்பு நிறத்தில் அச்சடித்தார் உரானோ. பெயர் சொல்ல முடியாதவர்களை அதற்குள் வைத்துவிட்டார் என்பது அவர்களுடைய விளக்கம். அதே நேரம், ஜப்பானில் மிகச் சிறிய தொகையினரான கிறிஸ்தவர்களில் நீஜிமா ஜோ, உச்சிமுரா கான்ஸோ என்ற இரண்டு பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. புத்த விகாரைகளுக்குப் பக்கத்திலேயே அவர்களும் இருக்கிறார்கள். சிறுபான்மைப் பிள்ளை ஒன்று தன் ஊர் அட்டைகளைப் பரப்பிப் பார்க்கும்போது தன்னுடைய ஆள் ஒருவரையும் காண்பது சின்ன விடயமில்லை.

ஆனால் பெண்கள்? பட்டு, நெசவு என்று ஐந்தாறு அட்டைகள் இருக்கின்றன. கூட்டுப்புழுவை அவித்து நூல் இழுத்தது முழுக்கப் பெண்களின் கை. தொமியோகா ஆலையில் வேலை செய்யப் போனவர்கள் இளம் குமருகள். 44 அட்டையிலும் பெயர் சொல்லப்பட்ட மனிதர்களில் ஒரு பெண்கூட இல்லை.

அசாமா எரிமலை அட்டையும் எனக்கு நெருடுகிறது. 1783இல் அது வெடித்தபோது கன்பாரா என்ற ஒரு கிராமமே புதைந்துபோனது. அட்டையோ அதை மலையின் குறும்பு என்று செல்லமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. 2004 டிசம்பர் 26ஐ நம்மில் யாராவது கடலின் குறும்பு என்று எழுதுவோமா? 160 வருஷம் போனால் அப்படியும் எழுதுவார்கள் போல.

இன்னோர் அட்டையில் மாகாணத்தின் சனத்தொகை இருக்கிறது. 1947இல் 16 இலட்சம் என்று இருந்தது. சனம் கூடக்கூட மாற்றி மாற்றி 1993இல் 20 இலட்சம் ஆக்கினார்கள். இப்போது ஊர் சுருங்கி, தொகை அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அட்டை மட்டும் 20 இலட்சத்திலேயே நிற்கிறது. கூடும்போது திருத்த வந்த கை குறையும்போது வரவில்லை.

நம்ம வகுப்புக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துக்கள் அதிகம், எழுத்து வரிசை சரிவராது. நமக்கு 25 மாவட்டம். மாவட்டத்துக்கு நான்கு அட்டை என்றால் 100. நாலு நாலு பேராக இருந்து, "உங்களிடம் பதுளையின் நீர்வீழ்ச்சி இருக்கிறதா?" என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டு, நான்கையும் சேர்த்தால் அந்த மாவட்டம் உங்களுடையது. சேர்ட் பெட்டி மட்டையை வெட்டி, பிள்ளைகளே படம் கீறினார்கள். காசு செலவில்லை, காசு வைத்து ஆட்டமும் இல்லை.

ஆட்டத்தை விட, நான்கைத் தெரிவு செய்யும் நேரம்தான் பாடம். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு புத்தளத்தில் வேர்விட்ட குடும்பத்துப் பிள்ளை எந்த மாவட்டத்துக்கு அட்டை கீறும்? மன்னாருக்கா, புத்தளத்துக்கா? இரண்டுக்கும் கீறட்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

எங்கள் அம்பாறைக்குப் பிள்ளைகள் முதலில் சொன்ன நான்கும் கரையோரம்தான். கடல், சம்மாந்துறை நெல், பொத்துவில் அறுகம்பை, பாய் இழைப்பது. ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "அப்ப மகாஓயா அம்பாறை இல்லையா?" என்று கேட்டது. வகுப்பு அமைதியாகிவிட்டது. அங்கேயும் குன்மாவில் இருப்பது போல வெந்நீர் ஊற்று இருக்கிறது, சிங்களப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகள் இருக்கின்றன, நம்ம வயலுக்கு வரும் தண்ணீரைத் தேக்கும் சேனநாயக்க சமுத்திரமும் அந்தப் பக்கம்தான். பெரிய வாக்குவாதம். கடைசியில் வெந்நீர் ஊற்று உள்ளே வந்தது, பாய் வெளியே போனது. பாய் இழைக்கும் மூத்தம்மா உள்ள இரண்டு பேர் இன்னும் கோபம். குன்மாவின் பட்டுப் பெண்களைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன், கோபம் இன்னும் கூடிவிட்டது. சமுத்திரத்துக்காகக் கடலை எடுப்பதா, அறுகம்பையை எடுப்பதா என்று அடுத்த கிழமை வாக்கெடுப்பு.

உங்கள் மாவட்டத்துக்கு நான்கு அட்டைதான் என்றால் எதையெல்லாம் போடுவீர்கள்? கீழே எழுதுங்கள். எதை விட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.