"என்னமோ பொங்கிப் போடுவேன்"



லூனாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த மூதாட்டியரிடம் அவர்தம் சமையலைப் புகழ்ந்து பாருங்கள். "என்னமோ பொங்கிப் போடுவேன்" என்பதே விடையாக வரும். நாமும் அதை அடக்கம் என்று எண்ணிச் சிரித்துவிடுவோம். அது நேர்மையான சுயமதிப்பீடு என்பதே என் கருத்து. கிடைத்ததைப் பொங்கும் திறனே அவர்களிடம் கேட்கப்பட்டது.

சென்னையில் மீனாட்சி அம்மாள் என்பவர் வாழ்ந்தார். இளவயதிலேயே கணவரை இழந்த அவர், வீட்டுச் சமையல் அன்றி வேறு தொழில் அறியாதவர். உறவினர் பலரும் கடிதம் எழுதிச் செய்முறை கேட்டதைக் கண்ட கே.வி. கிருஷ்ணசாமி ஐயர், அவற்றை நூலாக்கத் தூண்டினார். 1951இல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. பலம், ஆழாக்கு என்று அளவு குறித்து எழுதினார். கைப்பழக்கத்தில் இருந்ததை அளவாக மாற்றியதே அவர் செய்த பெருஞ்செயல்.

அதே 1951இல் மலாயாவில் நிலைமை வேறு. அவசரகாலம் 1948இல் தொடங்கியிருந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு சென்று சேராதிருக்க, அவ்வாண்டு ஜூன் மாதம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு வந்தது. அரிசி பங்கீட்டில் கிடைத்தது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மரம் சீவச் செல்வோர் சோற்றைக் கட்டி எடுத்துச் செல்லவும் தடை. விடியுமுன் உலை வைத்த பெண்ணுக்கு, சோறு வேலிக்குள்ளேயே தீர வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு, சுவை பிறகு.

அதற்கு முந்திய சப்பானியர் காலம் (1941-45) இன்னும் கொடியது. கெடா நெல் விளையும் மாநிலம்தான்; ஆயினும் தோட்டத்து அடுப்புகளில் மரவள்ளிக்கிழங்கே வெந்தது. அதிலும் கசப்பு வகைக்கு நஞ்சு மிகுதி. தோலுரித்து, ஊறவைத்து, வேகவைத்த நீரை வடித்துக் கொட்ட வேண்டும். துருவி உலர்த்தி இடித்தால் மாவு. அதில் புட்டு, களி. பிள்ளைகளின் உயிர் காத்த இவ்வறிவைச் 'சமையல் கலை' என்று அவர்களே சொல்லிக்கொண்டதில்லை. கேட்டு எழுதுவதற்குக் கடிதம் எழுதும் உறவினரும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

என் கதை என்ன என்பீர்கள். சாம்பார், இரசம், மீன் குழம்பு ஆகியவற்றைத் துணிந்து செய்வேன். அதிரசப் பாகு என் கைக்கு வராது. அதை மூத்தவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஆழாக்கு என் வீட்டில் இல்லை. எங்கள் பக்கத்தில் அரிசிக்குக் கெட்டிப்பால் டின்தான் படி. கடையில் முன்பு கட்டிக் கணக்கு இருந்தது. நூலைப் பார்த்துச் சமைக்கும்போது இரண்டையும் மனத்துக்குள் மாற்றிக்கொள்கிறேன்.

மீனாட்சி அம்மாள் 1962இல் மறைந்தார். அவர் நூல் இன்றும் விற்பனையில் உள்ளது. மரவள்ளி மாவு இடித்த கைகளின் அளவுகளோ ஏட்டில் இல்லை. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், ஒரு குறிப்பேட்டோடு அருகில் அமருங்கள். எத்தனை டின் அரிசி, எத்தனை பேருக்கு என்பதிலிருந்து தொடங்கலாம்.