கோவையில் ஜெயித்த கோப்பையும் பூட்டியிருந்த கதவும்

ஐ.பி.எல். பேச்சு வீடெல்லாம் நிறைந்திருக்கும்போது இவன் கால்பந்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் நடந்த ஒரு விஷயம் இது. எழுதி வைக்காவிட்டால் நம்மோடு மறந்துபோகும்.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள். பெயர் சென்னை சிட்டி என்றாலும், உள்ளூர் ஆட்டங்களை அந்த அணி கோவையில்தான் ஆடியது. எதிரணி, முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே நம் அணி சறுக்கினால், அங்கே ஜெயிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்குக் கோப்பை. ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் அடித்தார். தடுப்பாட்டக்காரர்! ஆட்டம் 3-1. ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துத்தான் இருந்தது. ஆனால் கணக்கு முடிந்தபோது நம் அணிக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42.

பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். நடுக்களத்தில் சில ஸ்பானியர்கள், அவர்களுடன் எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். மான்சி அந்த சீசனில் 21 கோல்.

சரி, ஜெயித்தோம். அடுத்து என்ன? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கால்பந்தில் லீக் என்பது மாடிப்படி மாதிரி. கீழ் டிவிஷனில் முதலிடம் பிடித்தால் மேலே, மேல் டிவிஷனில் கடைசியாக வந்தால் கீழே. ஆபீஸில் நாம் பிரமோஷனைப் பார்த்திருக்கிறோம், டிமோஷன் அபூர்வம். இங்கே இரண்டும் வருடாவருடம். நம் நாட்டிலும் 1996-97-இல் தேசிய லீக் தொடங்கியபோது இதுதான் எண்ணம். முதல் கோப்பையை பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே இரண்டாம் டிவிஷனும் வந்தது. நம்முடைய இந்தியன் வங்கி அணிகூட அந்த தேசிய லீக்கில் ஆடியிருக்கிறது. 2007-இல் பெயர் ஐ-லீக் ஆனது.

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தொகை 700 கோடி ரூபாய். அதன் பலனாக 2014 அக்டோபரில் ஐ.எஸ்.எல். பிறந்தது. எட்டு அணி, பளபளப்பு, நட்சத்திர முதலாளிகள். அந்த வீட்டில் படி கிடையாது. பணம் கட்டினால் இடம். பழைய ஐ-லீக் காகிதத்தில் முதல் நிலை, டி.வி.யில் இரண்டாம் நிலை. ஒரே நாட்டில் இரண்டு மேல்மாடி என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

இதை எதிர்த்து 2016-இல் கோவாவின் டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் மூன்றும் ஐ-லீக்கை விட்டே வெளியேறின. காலியான இடத்தில், முந்தைய சீசனில் கடைசிக்கு முந்தி வந்து கீழே தள்ளப்பட்டிருந்த மிசோரமின் ஐஸால் அணியைத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஐஸால், காலித் ஜமீல் பயிற்சியில், 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி ஷில்லாங்கில் 1-1 என்று சமன் செய்து, மோகன் பகானை ஒரே புள்ளியில் முந்தி சாம்பியன் ஆனது. இங்கிலாந்தில் லெஸ்டர் ஜெயித்ததைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதிய அளவில் பாதியாவது இதற்கு எழுதியிருக்கலாம். அந்த ஐஸாலையும் மேலே ஏற்றவில்லை. மறு சீசனில் ஐ.எஸ்.எல்.லில் சேர்ந்தவை பெங்களூரும் ஜாம்ஷெட்பூரும்.

நம் அணி ஜெயித்த ஏழாவது மாதம், 2019 அக்டோபரில், வியட்நாமின் தா நாங் நகரில் ஆசியக் கூட்டமைப்பு ஒரு கூட்டம் போட்டது. ஐ.எஸ்.எல். தான் இனி முதல் நிலை, 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம், பின்னால் ஐ.எஸ்.எல்.லில் கடைசியாக வருபவர் கீழே இறங்கவேண்டும் என்று திட்டம். அதாவது முதல் நிலை லீக்கை ஜெயித்த அணி, அடுத்த சீசன் தொடங்கும்போது இரண்டாம் நிலை லீக்கில் நின்றது. கோப்பையை ஜெயித்தும் கீழே இறங்கியதற்கு வேறு உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்.

சாம்பியன் என்ற முறையில் ஆசியப் போட்டிக்குப் போன சென்னை சிட்டி, 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது. அது நமக்கு உள்ளூர் ஆட்டம், ஆடியதோ அகமதாபாத்தில்! சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும் ரொமாரியோ கோவாவுக்கும் போனார்கள். ஆட்டக்காரர்களுக்கு ஐ.எஸ்.எல். கதவு திறந்திருந்தது, அணிக்குத்தான் பூட்டு. கொரோனா வந்தது. 2020-21 சீசன் முழுவதும் வங்காளத்தில் மூடிய அறைபோல நடந்தது. அதற்கு அடுத்த சீசனின் பட்டியலில் சென்னை சிட்டி பெயரே இல்லை. கோகுலம் கேரளா அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்தும் நின்ற இடத்திலேயே நின்றது.

கதவு ஒருவழியாக 2023-இல் திறந்தது. முதலில் உள்ளே போனது எது தெரியுமா? பஞ்சாப் எஃப்.சி. மார்ச் 9 அன்று கோவையில் நம்மிடம் தோற்ற மினர்வாவின் வாரிசு, புது முதலாளிகளுடன். 2024-இல் 1891-இல் பிறந்த முகமதன் ஸ்போர்ட்டிங். 2025-இல் முதலில் சர்ச்சில் பிரதர்ஸை சாம்பியன் என்றார்கள். வழக்கு சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், ஜூலையில் இன்டர் காசிக்குக் கோப்பை என்று தீர்ப்பு வந்தது. இந்த ஏற்றமெல்லாம் ஒருபக்கம்தான். 2024-25 சீசன் முடியும்வரை ஐ.எஸ்.எல்.லில் கடைசியாக வந்தவர் யாரும் கீழே இறங்கவில்லை. ஏறும் படி போட்டவர்கள் இறங்கும் படியை விட்டுவிட்டார்கள்.

நேரு ஸ்டேடியம் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போகிற நண்பர்கள் அன்றைய ஆட்டத்தைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். டிக்கெட்டின் அடிக்கட்டை வைத்திருப்பவர் யாராவது இருந்தால் படம் பிடித்து அனுப்புங்கள்.