வெள்ளிப் பிடரிக் குதிரையின் நிறமும் கண்ணும்

சொக்லேட் நிற உடல். அதன்மேல் காசு காசாக வெளிறிய புள்ளிகள். பிடரியும் வாலும் மட்டும் வெள்ளியாய் மின்னும். இப்படியொரு குதிரையின் படத்தைக் காட்டினால் என் நண்பர்களில் பாதிப்பேர் சாயம் பூசியது என்பார்கள். குதிரை என்றால் எங்களுக்கு நெடுந்தீவுதானே, வேறெங்கு பார்த்தோம்? ஆனால் இது பிறவி நிறம். 'சில்வர் டப்பிள்' என்று பெயர். ஐஸ்லாந்துக் குதிரைகள், ஷெட்லண்ட் மட்டக்குதிரைகள், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உருவான ரொக்கி மவுண்டன் குதிரைகள் ஆகியவற்றில் இதைக் காணலாம்.

குதிரையின் மயிரில் இரண்டு வகை நிறப்பொருட்களே உள்ளன: கறுப்பு மெலனின், சிவப்பு மெலனின். கறுப்புக் குதிரை, கபில உடலும் கறுப்புப் பிடரியும் கொண்ட குதிரை, முழுச் செந்நிறக் குதிரை என்ற மூன்று அடிப்படை நிறங்களும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. இந்த நிறங்களை வெளிறச் செய்யும் மரபணுக்கள் தனியாக உண்டு (நாங்கள் பாடசாலையில் பரம்பரையலகு என்று படித்ததும் மரபணுவைத்தான்). அவற்றுள் பலர் அறிந்தது கிரீம் மரபணு. அதன் ஒரு பிரதி கிடைத்தால் செந்நிறக் குதிரை பொன்னிறமாகும். இரண்டு கிடைத்தால் நீலக் கண்ணுடன் ஏறத்தாழ வெண்மையாகிவிடும்.

வெள்ளி மரபணுவின் போக்கு வேறு. அது கறுப்பை மட்டுமே தொடும். கறுப்புக் குதிரையில் உடல் சொக்லேட் நிறமாகிப் பிடரி வெளிறும். கபிலக் குதிரையில் உடல் அப்படியே இருக்க, கறுப்பாக இருக்கவேண்டிய கால்களும் பிடரியும் வாலும் வெளிறும். செந்நிறக் குதிரையிலோ மயிரில் கறுப்பு இல்லை. எனவே மரபணு இருந்தும் வெளியே தெரியாது. பிரான்ஸின் கொம்துவா என்ற பாரக் குதிரைகளில் செந்நிறம்போலத் தோன்றும் பல, உண்மையில் வெள்ளி மரபணு கொண்ட கபிலக் குதிரைகளே. குட்டிகளைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்: கோதுமை நிற உடல், வெள்ளை இமைமயிர், வரிவரியான குளம்புகள். வளர வளர அந்த வரிகள் மறைந்துவிடும்.

காரணம் 'பிமெல்' என்ற மரபணு. நிறம் தயாரிக்கும் கலங்களுக்குள் நுண்ணிய பைகள் உண்டு. தறியில் பாவு விரிப்பதுபோல் அந்தப் பைகளுக்குள் பிமெல் புரதம் இழைகளை விரிக்கும். கறுப்பு மெலனின் அந்த இழைகளில்தான் படியும். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் பாவு குழம்பும், கறுப்பு ஒழுங்காகப் படியாது. இந்த மாற்றத்தை 2006 இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். சில நாய்களின் உடலில் சிதறிய சாம்பல் திட்டுகள் தோன்றுவதும் இதே மரபணுவில் நேர்ந்த வேறொரு மாற்றத்தால்தான்.

இதுவரை அழகின் கதை. 1999 இல் ரொக்கி மவுண்டன் குதிரைகளின் பிறவிக் கண் குறைபாடுகள் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. நிறமும் அந்தக் குறைபாடும் வேறு வேறு மரபணுக்களா, அருகருகே இருப்பதால் சேர்ந்து வருகின்றனவா என்ற கேள்வி சில காலம் நீடித்தது. ஒரே மாற்றமே இரண்டையும் செய்கின்றது என்று 2013 இல் வெளியான ஆய்வு முடிவு செய்தது.

ஒரு பிரதி மட்டும் உள்ள குதிரையின் கண்ணுக்குள் பெரும்பாலும் நீர்க்கட்டிகள் காணப்படும். மிருக வைத்தியர் கருவி கொண்டு பார்த்தால்தான் தெரியும். பார்வை அதிகம் கெடுவதில்லை. இரண்டு பிரதி உள்ளவற்றின் நிலை அப்படியல்ல. கண்ணின் முன்படலம் உருண்டு புடைத்திருக்கும். கதிராளி சரியாக வளராததால் இருட்டிலும் கண்மணி விரியாது. வில்லை இடம் விலகலாம், வெண்புரை இருக்கலாம், விழித்திரை கழன்றும் போகலாம். இவ்வளவும் பிறக்கும்போதே வருபவை. தன் பார்வை குறைவென்று சொல்ல முடியாத அந்த விலங்கை, வெருளும் குதிரை என்றோ முரட்டுக் குதிரை என்றோ எவரும் தவறாக எடைபோட இடமுண்டு. என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

இதற்காக இந்த நிறத்தையே ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிரதி கொண்ட இரண்டைச் சேர்த்தால், பிறக்கும் குட்டி இரண்டு பிரதி பெற நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு பிரதி உள்ளதை அறவே இல்லாத ஒன்றுடன் சேர்த்தால் அந்த ஆபத்து இல்லை. குட்டி மரபணுவைப் பெறப் பாதி வாய்ப்பும் இருக்கின்றது. வெள்ளிப் பிடரிதான் வேண்டும் என்பவர் அதை இழக்கத் தேவையில்லை.

சிக்கல் செந்நிறக் குதிரைகளில்தான். வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் ஒரு பிரதியோ இரண்டோ அவற்றில் இருக்கலாம். கண்ணில் மட்டும் பாதிப்பு இருக்கும். வெள்ளி நிறம் ஓடும் பரம்பரையில் வந்த செந்நிறப் பெண் குதிரையை நிறம் பார்த்து நம்பக்கூடாது. பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய சில மயிர்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எத்தனை பிரதி என்பது தெரிந்துவிடும். அதைச் சேர்க்கைக்கு முன்பே செய்யவேண்டும்.