நடிகராக ஆசையா? பாய்ஸ் கம்பெனி கதையைக் கொஞ்சம் கேளுங்கள்!

நம் வகுப்பில் மட்டும் எண்ணினாலே, நடிகராக வேண்டும் என்று சொல்பவர்கள் நான்கைந்து பேர் தேறுவார்கள். 'பி.காம் படித்துவிட்டு நடிக்கப் போகிறானாம்' என்று யாரும் சிரிக்க வேண்டாம். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளே முதலில் தூத்துக்குடியில் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர்தான்! 24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

'நடிகராவது எப்படி?' என்று சொல்லித் தர இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் நடிப்பை ஒரு தொழிலாகவே சொல்லிக் கொடுத்த இடங்கள் நம் ஊரில் நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தன. அவைதான் பாய்ஸ் கம்பெனிகள். அவற்றின் வரலாற்றைப் பார்த்தாலே நமக்கு வேண்டிய பாதி யோசனை கிடைத்துவிடும்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன?

முழுக்க முழுக்க சிறுவர்களை வைத்தே நாடகம் போடும் குழு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாமே பையன்கள்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கினார். பெரிய நடிகர்கள் எழுதிய வசனத்தை விட்டுவிட்டு மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். சிறுவர்களிடம் அந்தத் தொல்லை இல்லை. அங்கே சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயது 6! பின்னாளில் ஔவையார் வேடத்தால் 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்றவர் அவர். 1925ல் டி.கே.எஸ். சகோதரர்கள் நால்வரும் சொந்தமாகவே கம்பெனி தொடங்கிவிட்டார்கள்.

கலை ஆர்வத்தால் மட்டும் எல்லோரும் அங்கே சேர்ந்தார்கள் என்று நினைக்காதீர்கள். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது வீட்டு வறுமையால். அப்பா இல்லாத குடும்பத்தில் மகனுக்கு மூன்று வேளை சாப்பாடு கிடைப்பதே பெரிய விஷயம்.

அங்கே என்ன கற்றார்கள்?

பாட்டு, வசனம், ஆட்டம், சண்டை எல்லாமே. மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் குரல் கேட்க வேண்டும். முக்கியமாக, ஒரே பையன் பல வேடங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சிவாஜி கணேசன் ராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தார். அதே நாடகத்தில் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித் என்றும் மாறி மாறி நடித்தார். 1952ல் 'பராசக்தி' வெளிவந்தபோது அவருக்கு வயது 24தான். ஆனால் மேடை அனுபவம் பதினைந்து வருஷத்துக்கு மேல்! 'ஒரே படத்தில் ஸ்டார்' என்று நாம் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இருந்த கணக்கு இது.

மகரக்கட்டு என்னும் கண்டம்

கணக்குப் பதிவியலில் தேய்மானம் படித்திருக்கிறோம் அல்லவா? எந்திரம் மட்டுமல்ல, நடிகனின் முதலீடும் தேயும். சிறுவனின் முதலீடு அவன் குரல். பதிமூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். இதை நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்பார்கள். நேற்று வரை கைதட்டல் வாங்கியவன் இன்று பாடினால் ஜனங்கள் சிரிப்பார்கள். அதோடு பலருடைய நாடக வாழ்க்கையே முடிந்து போனது.

புதுக்கோட்டை பி.யு.சின்னப்பாவுக்கும் இது நேர்ந்தது. குரல் உடைந்ததும் அவர் உடற்பயிற்சி, சிலம்பம், சங்கீதம் என்று இறங்கினார். பிறகு சினிமாவுக்கு வந்தார். 1940ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டார். பாட்டும் சண்டையும் ஒருசேரத் தெரிந்த கதாநாயகனாக நின்றார். ஒரு முதலீடு தேயும்போது இன்னொன்றைச் சேர்த்துக் கொண்டதுதான் அவர் செய்த காரியம்.

கையெழுத்து யாருடையது?

இது என்னைக் கொஞ்சம் வருத்தப்பட வைத்த பகுதி. கம்பெனிகள் பெற்றோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக் கொள்ளும். உழைப்பது பையன், கையெழுத்து அப்பாவுடையது. வணிகச் சட்டம் படித்த நமக்குத் தெரியும்: 1872 இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர். 'மைனரைக் காப்பாற்றத்தானே சட்டம், நல்லதுதானே' என்று தோன்றும். நம் பாடப்புத்தகத்தில் வரும் ராஜ் ராணி எதிர் பிரேம் ஆதிப் வழக்கை நினைத்துப் பாருங்கள். மைனர் பெண் படத்தில் நடிக்க, அவர் சார்பில் அப்பா தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் செய்தார். பிறகு அந்த வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. நஷ்டஈடு கேட்டபோது, ஒப்பந்தமே செல்லாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணும் கேட்க முடியாது, அப்பாவும் கேட்க முடியாது! தேர்வுக்காக மனப்பாடம் செய்த வழக்கு, ஒரு நடிகையின் வாழ்க்கை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வேலையை விடாமலும் நடிக்கலாம்

இன்னொரு வழியும் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் நடிக்கும் சபை அது. அவரே வக்கீலாக இருந்து பிறகு நீதிபதியும் ஆனவர். அவர் எழுதிய 'மனோகரா' 1954ல் சிவாஜி நடித்துப் படமாக வந்தது. நாடகம் அவருக்குச் சோறு போட வேண்டிய அவசியம் இல்லை. அதனால் பிடித்த நாடகத்தை எழுதி, பிடித்தபடி நடிக்க முடிந்தது.

நமக்கு என்ன பாடம்?

முதலில், வாய்ப்பு வந்த பிறகு கற்றுக் கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கல்லூரி நாடகமோ தெருக்கூத்தோ நவீன நாடகக் குழுவோ, இன்றே ஏதாவது ஒரு மேடையில் ஏறுங்கள்.

இரண்டாவது, ஒரே திறமையை நம்ப வேண்டாம். முகமும் குரலும் மாறும்.

மூன்றாவது, காத்திருக்கும் காலத்துக்குச் சாப்பாட்டு வழி வேண்டும். எம்.ஜி.ஆரின் முதல் படம் 'சதி லீலாவதி' 1936ல். கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947ல். நடுவில் 11 வருஷம் சின்னச் சின்ன வேடங்கள்! அதற்குத் தாங்குமா நம் பை? பட்டத்தை முடித்து வைத்திருந்தால் தாங்கும்.

நான்காவது, எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எம்.ஜி.ஆர், சிவாஜி, சின்னப்பா என்று நான் சொன்னதெல்லாம் ஜெயித்தவர்களின் பெயர்கள். வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்து யாரும் கணக்கு முடிப்பதில்லை. குரல் உடைந்து, பள்ளிப் படிப்பும் இல்லாமல் ஊர் திரும்பிய சிறுவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது: முடிவெடுக்கும் வயது. யோசித்து முடிவெடுங்கள். எடுத்த பிறகு தைரியமாக இறங்குங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட நான் வருகிறேன்!