தலைப்புக்குப் புறம்பான பதிவுகளும் வாக்கெடுப்பும்

இணையக் குழுமங்களில் தலைப்புக்குப் புறம்பான பேச்சை என்ன செய்வது என்ற கேள்வி உலகளாவிய வலையை விடப் பழையது. 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் உருவாக்க முனைந்த யூஸ்நெட்டில், தனிப் பதிவுகளுக்கு வாக்களிக்கும் முறை இல்லை. புதிய செய்திக்குழு அமைப்பதற்கே வாக்கெடுப்பு நடந்தது. முக்கியப் பிரிவுகளில் ஆதரவு வாக்குகள் எதிர்ப்பை விட 100 கூடுதலாகவும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்க வேண்டும். வாக்குகள் மின்னஞ்சலில் வந்தன. ஒரு குழுவில் பொருந்தாமல் பெருகிய பேச்சுக்குத் தனி வீடு கட்டித் தருவதே அன்றைய தீர்வு.

1997-இல் ராப் மால்டா தொடங்கிய ஸ்லாஷ்டாட், வாசகர்களையே தற்காலிக மட்டுறுத்துநர்களாக்கியது. ஒருவருக்கு 5 புள்ளிகள் கிடைக்கும். 3 நாள்களில் அவை காலாவதியாகும். 'தலைப்புக்குப் புறம்பானது' என்று முத்திரை குத்தினால் கருத்தின் மதிப்பெண் ஒன்று குறையும். பதிவு அழிவதில்லை, வாசகர் வைத்த வரம்புக்குக் கீழே மறையும், அவ்வளவுதான். மட்டுறுத்தியவர்களின் முடிவு நியாயமானதா என்று பிறர் மதிப்பிடும் ஏற்பாடு 1999-இல் வந்தது.

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகியோர் 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில்தான் சிக்கல் முற்றியது. இங்கு வாக்கு இரண்டு வகை. கேள்வி நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஒன்று. அது இந்த இடத்துக்கு உரியதா என்பதற்கு மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை. நிரலாளர்களுக்குப் பிடித்த கேலிச்சித்திரம் எது என்ற பழைய கேள்வி மேல்வாக்குகளை அள்ளியது; ஆனால் நிரலாக்கத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கடைசியில் அது மூடப்பட்டு, வரலாற்று மதிப்புக்காக மட்டும் பூட்டி வைக்கப்பட்டது. விரும்பப்படுவதும் பொருந்துவதும் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மூடும் வாக்களிக்க 3,000 நற்பெயர்ப் புள்ளிகள் தேவை. 5 பேர் ஒப்பினால் கேள்வி மூடப்படும், புதிய விடைகளை ஏற்காது. புதியவர்களுக்கு இது கதவைச் சாத்துவது போலவே பட்டது. அதனால் 2013-இல், முதல் 5 நாள்களுக்கு 'மூடப்பட்டது' என்பதற்குப் பதிலாக 'நிறுத்தி வைக்கப்பட்டது' எனக் குறிக்கத் தொடங்கினர். சொல் மென்மையானதே தவிர விடை வந்துவிடவில்லை. 2019-இல் தேவையான வாக்குகள் 3 ஆகக் குறைந்தன. மூடுவதற்கு மட்டுமல்ல, மீண்டும் திறப்பதற்கும்.